தண்ணீர் குடிக்காமல் மலை இறங்கியவர்கள்

குறியீட்டைத் திறந்த அன்றுதான் நான் யாரை அளந்தேன் என்று எனக்குத் தெரிந்தது.

அதென்ன குறியீடு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மூளைப் படங்களை அளப்பது என் வேலை. எங்கெங்கோ எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எடுத்த படங்கள் என் கணினிக்கு வரும். எந்தப் படம் யாருடையது என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள், வெறும் எண்தான். ஒரு கூட்டத்துக்கு ‘அ’ என்று பெயர், இன்னொரு கூட்டத்துக்கு ‘ஆ’, அதுதான் குறியீடு. யார் எவர் என்று தெரிந்துவிட்டால் அளப்பவரின் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அந்த முறை அளந்து முடித்தபோது ‘ஆ’ கூட்டத்தின் மூளை சராசரியாகக் கொஞ்சம் சிறியதாக வந்தது. மூளைக்கு நடுவே நீர் நிற்கும் அறைகள் கொஞ்சம் பெரியதாக இருந்தன. வயதானவர்களுக்கு அப்படி இருக்கும், இவர்களோ எல்லோரும் நடுவயதுக்காரர்கள். யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டே எண்களை அனுப்பிவைத்தேன்.

மறுநாள் எங்கள் தலைமை ஆய்வாளர் குறியீட்டைத் திறந்து காட்டினார். ‘அ’ என்பது ஆலங்காயத்தைச் சுற்றியிருக்கும் அடிவார ஊர்க்காரர்கள். ‘ஆ’ என்பது ஜவ்வாது மலைக்காரர்கள்.

நான் ஜவ்வாது மலைக்காரி. அவருக்கும் அது தெரியும். என் முகம் போன போக்கைப் பார்த்து, “மனசுல வச்சுக்காதீங்கம்மா, இது சயின்ஸ்” என்றார். எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்று இரண்டு காதும் கொதித்தன, ஆனால் யார்மேல் கோபப்படுவது? அளந்தவள் நான். மொத்தப் படங்களையும் முதலிலிருந்து மறுபடி அளந்தேன். திரும்பவும் அதே விடை. என் கணக்கில் என்னாலேயே ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது.

ஆய்வுக்கட்டுரை வெளியானது. எப்படிச் செய்தோம் என்று சொல்லும் பகுதி அதில் இரண்டே பத்தி. ஸ்கேன் காந்தத்தின் வலிமை இருந்தது, படத்தின் தடிமன் இருந்தது, மென்பொருளின் பெயர் இருந்தது. மற்றதெல்லாம் ‘வழக்கமான முறையில்’. எங்கள் துறையில் எல்லோரும் எழுதுவது போலத்தான் எழுதியிருந்தோம்.

சில வாரங்களில் ஒரு செய்தித்தாள் அதை எடுத்துப் போட்டது. எங்கள் கட்டுரையில் வரிக்கு ஒரு ‘இருக்கலாம்’ இருந்தது. செய்தியில் அவை அத்தனையும் காணாமல் போயிருந்தன. மலைவாசிகளுக்கு மூளை சிறியது, அவ்வளவுதான் செய்தி. வேலைக்குப் போகும் ரயிலில் பக்கத்து இருக்கைப் பெண்மணி அதைச் சத்தமாகத் தன் கணவரிடம் படித்துக் காட்டினார். “அதான் அவங்க மலையிலயே இருக்காங்க” என்றார் கணவர். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியதால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.

அன்று மத்தியானமே அண்ணி போன் செய்தாள். அண்ணனுக்குக் கேரளாவில் எஸ்டேட் வேலை. மலையில் நிலத்தையும் மகளையும் பார்த்துக்கொள்வது அண்ணிதான்.

“பேப்பர்ல போட்டுக்கீறாங்களாமே, நமக்கெல்லாம் மூள சின்னதுன்னு. நீ அங்கதான வேல செய்ற, இன்னா இது?”

நான் விளக்க ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை.

“அத வுடு. நம்ம பொண்ண தையல்ல போட்டுட்டாங்க. அத்தைகிட்ட சொல்லு, அத்தைகிட்ட சொல்லுன்னு ஒரே அழுவ.”

அண்ணன் மகள் அடிவாரத்தில் ஓர் அறக்கட்டளைப் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தாள். பத்தாம் வகுப்பில் அந்தப் பள்ளியின் மலைப் பிள்ளைகளில் அவள்தான் முதல். பதினொன்றில் கணக்கும் உயிரியலும் உள்ள பிரிவில் சேர வேண்டும் என்று அவளுக்கு உயிர். இனி மலைப் பிள்ளைகளை அந்தப் பிரிவில் சேர்க்கப் போவதில்லை என்று பள்ளித் தாளாளர் முடிவெடுத்துவிட்டாராம். பெண்களுக்குத் தையல், பையன்களுக்கு வயரிங். திட்டி அனுப்பவில்லை, பெற்றவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்து, பிள்ளைகளைக் கஷ்டப்படுத்த வேண்டாமே என்று அன்பாகச் சொல்லியிருக்கிறார். அந்த டீதான் என்னால் ஜீரணிக்க முடியாமல் இருந்தது.

லீவு போட்டுவிட்டு மலைக்குப் போனேன். ஆலங்காயத்தில் பஸ் மாறி, காவலூர் தாண்டி மேலே போகும்போதெல்லாம் அந்த வெள்ளைக் கோபுரம் மரங்களுக்கு மேலே தெரியும், நட்சத்திரம் பார்க்கிற இடம். அன்று அதைப் பார்த்தபோதுகூட எரிச்சலாகத்தான் வந்தது. வானத்தைப் பார்க்கிறவர்கள் எங்களைப் பார்க்காமல் இருந்தார்களே, அதுவே நிம்மதி.

வீட்டில் அண்ணி சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். மகள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. கட்டுரையில் என் பெயரும் இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“நானுந்தான் போய்ட்டு வந்தேன் அந்தப் படம் புடிக்க” என்றாள் அண்ணி, முறத்தை விட்டுப் பார்வையை எடுக்காமல்.

“நீங்களா? எப்போ?”

“போன வருசம். கீழ டவுன்ல. இனாமா தலைய படம் புடிக்கிறாங்க, கட்டி கிட்டி இருந்தா தெரியும்னு சொல்லி வேன் வச்சு கூட்டிட்டுப் போனாங்க. நம்ம ஊரு ஆளுங்க பாதிப் பேரு வந்தாங்க.”

அப்படியென்றால் என் கணினியில் வெறும் எண்ணாக வந்த படங்களில் ஒன்று இவளுடையது. பெயர் தெரியாமல், முகம் தெரியாமல், இவளுடைய மூளையை நான் இரண்டு முறை அளந்திருக்கிறேன். சிறியது என்று இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அன்று சோறு இறங்கவில்லை. எனக்கு இரண்டாம் முறை குழம்பு ஊற்றிய அவள் கையைப் பார்க்கவே முடியவில்லை.

காலையில் மூன்று பேரும் தாளாளரைப் பார்க்கக் கிளம்பினோம். பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் நல்ல வெயில் ஏறிவிட்டது. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அண்ணியிடம் நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். மகளிடம் நீட்டினேன். அவளும் வாங்கவில்லை.

“கீழ போற அன்னிக்கு இன்னாத்துக்குத் தண்ணி?” என்றாள் அண்ணி.

“ஏன், குடிச்சா என்ன?”

“இன்னா ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கற. வளைவுல வாந்தி வரும். இல்லன்னா ஒண்ணுக்கு வரும். பொம்பளைங்க எறங்கணும்னு நடுக்காட்ல நிறுத்துவானா? மொத நாள் பொழுது சாயறப்பவே நிறுத்திக்குவோம். மெட்ராஸுக்குப் போய்ட்டு எல்லாத்தையும் மறந்துட்ட நீ.”

நிஜமாகவே மறந்துதான் போயிருந்தேன். சின்ன வயதில் நானும் அப்படித்தான் மலை இறங்கினேன். இப்போது வாந்திக்கு மாத்திரை போட்டுக்கொள்கிறேன். அந்த வழக்கமே என் தலையிலிருந்து கழன்று போயிருந்தது. பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

“அண்ணி, ஸ்கேனுக்குப் போனீங்களே, அன்னிக்கும் இப்படித்தானா?”

“அன்னிக்கும்தான். மொத்தப் பேரும்தான். ஆம்பளைங்களுக்கு மட்டும் வாந்தி வராதா இன்னா? அங்க போயும் ஒருத்தரும் குடிக்கல. டீ குடுத்தாங்க, தொடல. திரும்பி மேல ஏறணும்ல.”

பஸ் வந்து நின்றது. அவர்கள் ஏறிவிட்டார்கள். நான் ஏறாமல் நின்றுகொண்டிருக்கிறேன் என்று கண்டக்டர் திட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மூளையில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஒரு நாள் பொழுது தண்ணீர் குடிக்காமல் இருந்தால் உடம்பு வாடுவது போல அதுவும் கொஞ்சம் சுருங்கும். நடுவிலுள்ள அறைகள் கொஞ்சம் விரியும். நோயும் இல்லை, குறையும் இல்லை. தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும். எங்கள் துறையில் படித்த எல்லோருக்கும் இது தெரியும். நான் கண்டுபிடித்த வித்தியாசமும் அப்படிப்பட்ட சின்ன வித்தியாசம்தான். அடிவாரத்துக்காரர்கள் பக்கத்து ஊரிலிருந்து டிபன் சாப்பிட்டு, டீ குடித்துவிட்டு வந்தவர்கள். நாங்கள் இரண்டு ஊர்களை ஒப்பிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம். தாகத்தில் இருந்தவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டிருக்கிறோம். வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் எனக்குத் தலை சுற்றியது, மாத்திரை போட்டும்.

தாளாளர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அறை சுத்தமாக இருந்தது, மேசையில் பூ இருந்தது. நான் தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“நான் படிக்காதவன் மாதிரி பேசறேன்னு நெனைக்காதீங்க. சயின்டிஸ்டுங்க எழுதியிருக்கீங்க. அதுல தண்ணியப் பத்தி ஒண்ணும் இல்லையே. இருந்திருந்தா நான் ஏங்க இந்த முடிவு எடுக்கப் போறேன்? எழுத்துல கொண்டு வாங்க, மாத்திடலாம். அட்மிஷன் முடிய இன்னும் டைம் இருக்கு.”

எரிச்சலூட்டும் மனிதர். ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. இல்லாததை அவர் எப்படிப் படிப்பார்?

சென்னைக்குத் திரும்பியதும் நேராகத் தலைமை ஆய்வாளரின் அறைக்குப் போனேன். அவர் முதலில் சிரித்தார். “அடுத்து என்னம்மா, காலையில இட்லி சாப்ட்டாங்களா தோசை சாப்ட்டாங்களான்னு எழுதணுமா?”

“எழுதணும் சார்.”

“யாரும் எழுதறதில்லையே.”

அந்தப் பதில்தான் என்னை உட்கார வைத்தது. பிறர் எழுதிய கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன், முடிவுகளை விட்டுவிட்டு முறைகளை மட்டும். படிக்கப் படிக்க ஆடிப்போய்விட்டேன். காலையில் எடுத்தார்களா மாலையில் எடுத்தார்களா, ஒருவர் சொல்கிறார், பத்துப் பேர் சொல்லவில்லை. கண்ணைத் திறந்திருந்தார்களா மூடியிருந்தார்களா, தெரியாது. மென்பொருளின் பெயர் இருக்கும், எந்தப் பதிப்பு என்று இருக்காது. தலை ஆடியதால் கலங்கிய படங்களை நீக்கினோம் என்பார்கள், எவ்வளவு ஆடினால் நீக்கினார்கள் என்று சொல்ல மாட்டார்கள். தண்ணீர் பற்றி மூச்சே இல்லை. உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று எழுதாமல் ‘வழக்கம் போல் குழம்பு வைக்கவும்’ என்றால் யாராவது சமைப்பார்களா? அப்படி எழுதிய குழம்பைத்தான் உலகம் பூராவும் ருசி பார்த்துவிட்டு, இந்த ஊர்க்காரர்கள் இப்படி, அந்த ஊர்க்காரர்கள் அப்படி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். இத்தனை நாள் நானும் அந்தக் கட்டுரைகளைப் படித்தவள்தான். ஒரு நாளும் தொண்டையில் எதுவும் சிக்கவில்லையே என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத அதிர்ச்சி.

ஒரு விஷயத்தில் தலைமை ஆய்வாளரைப் பாராட்ட வேண்டும். சிரித்தவர், மறுநாள் சிரிக்கவில்லை. “திரும்ப எடுத்துடலாம்” என்றார். மலைக்காரர்களில் அண்ணி உட்பட வர முடிந்தவர்களை முந்தின நாளே கீழே அழைத்து வந்து தங்கவைத்தோம், வேளைக்கு வேளை தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தோம். அடிவாரத்துக்காரர்களை முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வரச் சொன்னோம். ஏன் என்று சொன்னபோது அவர்களில் ஒருவர், “மலைக்காரங்க வர்ற மாரி நாங்க வரணும், அவ்ளோதான?” என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார். படங்கள் மறுபடி எண்களாக என்னிடம் வந்தன.

அளந்தேன். இந்த முறை சிறியதாக வந்த கூட்டத்தைக் குறியீடு திறந்தபோது பார்த்தால், அது அடிவாரத்துக்காரர்கள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பயம்தான் வந்தது. இவ்வளவு சுலபமா? ஒரு செம்புத் தண்ணீரில் ஓர் ஊரே தாழ்ந்து இன்னோர் ஊர் உயர்ந்துவிடுமா? தலைமை ஆய்வாளர் கட்டுரையைத் திருத்தச் சொல்லி இதழுக்கு எழுத உட்கார்ந்தார். அதோடு, இனி எங்கள் கூடத்திலிருந்து போகும் எந்தக் கட்டுரையும் ஒரே மாதிரி முறைகளைச் சொல்ல வேண்டும் என்று முடிவானது. என்ன சாப்பிட்டார்கள், எப்போது குடித்தார்கள், எப்படி வந்து சேர்ந்தார்கள், எத்தனை மணிக்குப் படம் எடுத்தோம், எந்தப் பதிப்பில் அளந்தோம். எல்லோருக்கும் பொதுவாக என்னென்ன எழுத வேண்டும் என்று முடிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. கூட வேலை செய்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

திருத்தம் அச்சாவதற்கு முன்பே, அண்ணியின் புது அளவையும் சேர்த்துத் தலைமை ஆய்வாளர் கையெழுத்திட்டுக் கொடுத்த விளக்கத்தோடு மறுபடி தாளாளரைப் பார்க்கப் போனோம், அண்ணி, மகள், நான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். முகம் மலர்ந்தது.

“ரொம்ப சந்தோஷங்க. அம்மாவோட ஸ்கேன் நல்லா வந்திருக்குன்னு இப்ப எழுத்துலயே இருக்கு. பாப்பாவுக்கு அந்த குரூப்லயே சீட் போட்டுடறேன்.”

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது.

“மத்த மலைப் பிள்ளைங்களுக்கும் ஒண்ணும் பிரச்சினை இல்ல,” என்று அவர் தொடர்ந்தார். “இதே மாதிரி அவங்கவங்க வூட்ல அம்மாவோ அப்பாவோ ஒரு ஸ்கேன் எடுத்து, நல்லா இருக்குன்னு உங்க கையால எழுதிக் கொண்டாந்துட்டா போதும். தண்ணி குடிச்சிட்டே எடுக்கட்டும்.”

அவர் கேலி செய்யவில்லை. பெரிய மனது பண்ணிச் சலுகை கொடுப்பதாகவே நம்பிச் சொன்னார்.

மகள்தான் கேட்டாள், இரண்டு சந்திப்பிலும் வாயே திறக்காதவள். “கீழ இருக்கிற பிள்ளைங்கல்லாம் கொண்டாந்தாங்களா சார்?”

“அவங்களுக்கு எதுக்கும்மா?” என்றார் அவர், நிஜமான வியப்போடு.

மகள் எழுந்தாள். மேசைமேல் வைத்திருந்த தன் மதிப்பெண் சான்றிதழை எடுத்துக்கொண்டாள். “வாம்மா, போலாம்” என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். அண்ணி என்னைப் பார்த்தாள். பின்னாலேயே போனோம். அந்த வாரமே மலைமேல் அரசு மேல்நிலைப் பள்ளியில் அவள் விரும்பிய பிரிவில் சேர்ந்தாள். அங்கே யாரும் எங்கள் விளக்கத்தைக் கேட்கவில்லை. அடிவாரப் பள்ளியில் தையலில் போட்ட மற்றப் பிள்ளைகளில் சிலரும் அவளோடு போய்விட்டார்கள், சிலர் விடுதிச் சோற்றை விட முடியாமல் தையலிலேயே இருக்கிறார்கள்.

எனக்கு ஆறவே இல்லை. தாளாளர்மேல் வந்த கோபம் பஸ் ஏறுவதற்குள் என் பக்கம் திரும்பிவிட்டது. அண்ணியின் மூளை சரியான அளவில் இருக்கிறது என்று நிரூபிக்க நான் ராப்பகலாக ஓடியிருக்கிறேன். அவள் மகள் கணக்குப் படிக்க அது எதற்கு நிரூபணமாக வேண்டும் என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. அந்தச் சின்னப் பெண் கேட்டுவிட்டாள்.

திரும்பி வந்ததும், முறைகளைச் சொல்லும் பகுதியில் எல்லோரும் எழுத வேண்டியவற்றுக்கெல்லாம் மேலே இன்னும் ஒன்றைச் சேர்த்தேன். இந்த இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட என்ன காரணம்?

தலைமை ஆய்வாளர் அதைப் படித்தார். எங்கள் கட்டுரையின் திருத்தத்திலேயே முதலில் அதை எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தார். எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

“தெரியலையேம்மா,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “மெஷின் கீழ டவுன்ல இருந்துச்சு. மலை பக்கத்துல இருந்துச்சு.”

“அதை அப்படியே எழுதுங்க சார்” என்றேன்.